பெரியம்மாவின் பெட்டிகள்

இந்தத் தொடரில் எனக்கு முன்னர் பேசியவர்கள் கவிதையைப் பற்றிப் பேசினார்கள், நாவலைப் பற்றிப் பேசினார்கள், மறைந்த எழுத்தாளர்களைப் பற்றி நெஞ்சம் நெகிழப் பேசினார்கள். நான் பேசவிருப்பது ஓர் இரும்புப் பெட்டியைப் பற்றி. என் மேசையில் பதினெட்டு ஆண்டுகள் இருந்து 2022ஆம் ஆண்டு உயிர்விட்ட ஒரு கணனியைப் பற்றியும், அதற்குள் அகப்பட்டுக்கொண்ட இருநூற்றாறு பக்கங்களைப் பற்றியும். இலக்கிய நிகழ்ச்சிக்கு இது பொருந்துமா என்று தயாரிப்பாளர் சற்றுத் தயங்கினார். கேட்டு முடித்தபின் நேயர்கள் தீர்மானிக்கட்டும் என்று சொன்னேன்.

அந்தப் பக்கங்கள் எப்படி வந்தன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அவை என்னுடையவை அல்ல. என் தாயாரின் மூத்த சகோதரி, எங்கள் பெரியம்மா சொன்னவை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். வலிகாமத்தில் எங்கள் ஊரில் பனையோலை வேலைக்குப் பெயர் போனவர். கடகம் என்றால் அவர் கடகம், சுளகு என்றால் அவர் சுளகு என்று அயலார் சொல்வார்கள். அவர் ஒரு சீ.ஆர். கொப்பியில் பனையைப் பற்றித் தமக்குத் தெரிந்தவற்றையெல்லாம் எழுதி வைத்திருந்தார். யாருக்காக எழுதினார் என்று நாங்கள் எவரும் கேட்கவில்லை. வீட்டிலுள்ள ஆண்பிள்ளைகள் ஈழத்து இலக்கியத்தின் வளர்ச்சிபற்றித் திண்ணையிலிருந்து விவாதித்த காலம் அது. குசினிக்குள் ஒரு நூல் உருவாகிக் கொண்டிருப்பது எங்கள் கண்ணில் படவில்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தது நேயர்கள் பலருக்கு நினைவிருக்கும். பெரியம்மாவும் நடந்தார். ஒரு போத்தல் தண்ணீரும் காணி உறுதியும் கையில் இருந்தன. கொப்பி சாமியறைத் தட்டில் இருந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது சாமியறைக்குக் கூரை இருக்கவில்லை. தட்டும் இருக்கவில்லை. ஒரு மழைக்காலம் அந்த வீட்டுக்குள் பெய்து முடிந்திருந்தது. பெரியம்மா அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கிணற்றை இறைப்பிப்பதிலேயே கருத்தாக இருந்தார்.

2004ஆம் ஆண்டு நான் ஒரு கணனி வாங்கினேன். எவரோ கொழும்பில் பாவித்துக் கழித்தது. விண்டோஸ் 98, பத்துக் கிகாபைட் கொள்ளளவுள்ள வன்தட்டு, வெண்கலப் பானை போன்ற கனத்தில் ஒரு திரை. ஓய்வுபெற்ற ஆசிரியனுக்கு அது போதும். பெரியம்மா வந்து அதைச் சுற்றிப் பார்த்தார். பிறகு கேட்டார்: “மோனை, என்ரை கொப்பியை இதுக்குள்ளை எழுதலாமோ?”

சனிக்கிழமைகளில் அவர் சொல்வார், நான் தட்டுவேன். 2005 முழுவதும் இப்படி நடந்தது. பழைய கொப்பியின் ஒழுங்கு அவருக்கு அப்படியே மனத்தில் இருந்தது. “இதுக்கு முதல் பக்கத்திலை வேறை ஒண்டு இருந்தது, பொறு” என்று கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பார். குரும்பையில் தொடங்கி நுங்கு, சீக்காய், பனங்காய், பனம்பழம் என்று வளர்ச்சியின் படிகளைச் சொல்வார். கொட்டையைப் புதைத்தபின் முளைக்கும் கிழங்கு. கொட்டையைப் பிளந்தால் உள்ளே இருக்கும் பூரான். எல்லாம் முடிந்தபின் எஞ்சும் ஊமல். கிழங்கை அவியாமற் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். இவை நமக்குத் தெரிந்தவைதாமே என்று நேயர்கள் எண்ணக்கூடும். தெரிந்தவைதான். ஆனால் அவர் சொன்னது சொற்களின் பட்டியல் அன்று. ஒவ்வொரு சொல்லின் பின்னாலும் ஒரு மனிதர் இருந்தார். ஊமலை எரித்த அடுப்பில் எந்த மாமி எந்தப் பஞ்சத்தில் என்ன காய்ச்சினார் என்பது இருந்தது. வடலிக்காணியைப் பங்கிட்டபோது நடந்த சண்டையில் எந்த வடலி எவர் பக்கம் சாய்ந்து நின்றது என்பது இருந்தது. நான் இடைக்கிடை அவருடைய பேச்சை எழுத்துத் தமிழாகத் திருத்தித் தட்டப் பார்ப்பேன். திரையைப் பார்த்து வாசித்துக் காட்டும்போது அவர் பிடித்துவிடுவார். “நான் அப்பிடியே சொன்னனான்?” என்பார். அழித்துவிட்டு அவர் சொன்னபடி தட்டுவேன். அந்த நூலிலே என் கை படாத இடங்களே நல்ல இடங்கள்.

2006 ஆகஸ்ட்டில் ஏ 9 வீதி மூடப்பட்டது. அச்சிடுவது பற்றிய பேச்சு அத்தோடு நின்றது. கடதாசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற நாள்களில் எந்த அச்சகத்திடம் போய் ஓலைப்பெட்டியைப் பற்றிய புத்தகம் போடக் கேட்பது? 2008இல் பெரியம்மா காலமானார். பிறகு நாட்டில் நடந்தவை நடந்தன. அந்தப் பக்கங்கள் கணனிக்குள்ளேயே இருந்தன. எப்போதாவது திறந்து பார்ப்பேன், ஓர் எழுத்துப்பிழை திருத்துவேன், மூடிவிடுவேன். அச்சுப்பிரதி எடுக்கவேயில்லை. மை விலை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது சோம்பல்.

நான் பிரதி எடுக்காதவன் என்றும் சொல்ல முடியாது. 2005இலேயே நான்கு நெகிழ்தட்டுகளில் எடுத்து வைத்தேன். மூன்றரை அங்குலத் தட்டுகள். ஒவ்வொன்றும் 1.44 மெகாபைட் கொள்ளும், என் கோப்புக்கு ஒன்றே தாராளம். அவற்றைப் பிஸ்கட் பேணியில் போட்டு மூடி அலுமாரியில் வைத்தேன். பின்னர் ஓர் இறுவட்டிலும் எழுதுவித்தேன். எழுதுவித்ததோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். பிஸ்கட் பேணியைப் பின்னர் திறந்தபோது நான்கு தட்டுகளின் உட்படலத்திலும் பூஞ்சணம் படர்ந்திருந்தது. இறுவட்டின் வெள்ளிப்பூச்சு ஓரத்திலிருந்து உரிந்து வந்தது. நமது கடற்காற்றுக்கும் ஈரத்துக்கும் எதுவும் தப்புவதில்லை.

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு அமுலில் இருந்தது நினைவிருக்கலாம். மின்சாரம் போகும், வரும், வந்த வேகத்தில் திரும்பப் போகும். அப்படி வந்த ஒரு வருகையில் என் கணனிக்குள் டப் என்று ஒரு சத்தம். எரிந்த மணம். அவ்வளவுதான். புதிதாக ஒன்று வாங்கலாம் என்றால், ஆண்டின் தொடக்கத்தில் இருநூறு ரூபா அளவில் இருந்த அமெரிக்க டொலர் சில மாதங்களில் முந்நூற்றைம்பதைத் தாண்டிவிட்டது. ஓய்வூதியக்காரனுக்குக் கணனி அப்போது எட்டாப்பழம். ஓராண்டுக்கு மேல் அந்தப் பெட்டி மேசையில் துணி போர்த்தபடி இருந்தது. வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பிய காசில் 2023இல்தான் புதியது வந்தது.

கடையில் இருந்தவர் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு தம்பி. பழைய பெட்டியைத் திறந்து பார்த்தார். “பவர் சப்ளை எரிஞ்சு மதர்போட்டையும் கொண்டு போட்டுது, சேர். திருத்திறதிலை பிரயோசனம் இல்லை. பழசை இங்கை விட்டுட்டுப் போனீங்களெண்டால் ஆயிரம் ரூபா கழிச்சுத் தாறன்” என்றார்.

“உள்ளுக்கை இருக்கிறதோடையோ, தம்பி?” என்று கேட்டேன்.

அவருக்கு விளங்கவில்லை. பெட்டி செத்தால் உள்ளே இருப்பதும் செத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் தம்பி அப்படி நினைக்கவில்லை. ஆனால் இத்தனை பழைய பெட்டிக்குள் எடுக்கத்தக்க ஒன்று இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. உண்மையில் மின்னூட்டும் பகுதி எரிவது வேறு, வன்தட்டு பழுதாவது வேறு. வன்தட்டு தனியாக ஓர் உறைக்குள் அடைக்கப்பட்ட பொருள். காந்தப்பூச்சுக் கொண்ட தகடுகள் உள்ளே சுழல்கின்றன. அவற்றின்மேல் மயிரிழையினும் மெல்லிய இடைவெளியில் ஒரு முனை பறந்து படிக்கிறது. வீடு இடிந்தாலும் பெட்டகம் தப்புவதுபோல அது தப்பியிருக்கக்கூடும்.

ஆனால் அதைப் புதுக் கணனியோடு பொருத்த முடியவில்லை. பழைய தட்டில் நாற்பது ஊசிகள் கொண்ட அகன்ற பொருத்துவாய். இன்றைய கணனிகளில் அந்த வாய் இல்லை. இடையில் வைக்கும் இணைப்பி ஒன்று கொழும்பிலிருந்து வரவேண்டும் என்றார் தம்பி. இரண்டு வாரம் சென்றது. அந்த இரண்டு வாரமும் வன்தட்டைச் சேலைத்துண்டில் சுற்றிச் சாமியறையில் வைத்திருந்தேன். சிரிக்காதீர்கள். வேறு எங்கே வைப்பதென்று எனக்குத் தோன்றவில்லை.

இணைப்பி வந்த நாளில் அந்தத் தம்பி செய்த ஒன்றை இங்கே பாராட்டிச் சொல்லவேண்டும். உடனே கோப்பைத் திறக்கப் பாயவில்லை. “பழைய தட்டு, சேர். எத்தினை தரம் சுத்துமெண்டு சொல்லேலாது. முதல்லை முழுசாய் ஒரு பிரதி எடுப்பம். பிறகு பிரதியிலை வேலை செய்வம்” என்றார். வாசிக்க முடிந்த ஒவ்வொரு துணுக்கையும் அப்படியே வேறொரு தட்டுக்கு எடுத்து, வாசிக்க முடியாத இடங்களை வெறுமையாக விட்டுச் செல்லும் மென்பொருள் ஒன்றை ஓடவிட்டார். வன்தட்டு சுழன்றது. இடையிடையே நொடித்தது. மாலை ஆறு மணிவரை நாங்கள் இருவரும் பிளேன்ரீ குடித்தபடி அந்த ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

கோப்பு இருந்தது. ஆனால் வேர்ட் அதைத் திறக்க மறுத்தது. நடுவில் எங்கோ ஓர் ஓட்டை. அதிலுள்ள எழுத்துகளை மட்டும் உருவி எடுக்கும் வழியொன்றைத் தம்பி கண்டுபிடித்தார். திரையிலே பக்கம் பக்கமாக எழுத்துகள் வந்தன. ஆங்கில எழுத்துகள். பொருளற்ற ஆங்கில எழுத்துகள், அவற்றின் நடுவே கொத்துக் கொத்தாக அரைப்புள்ளிகள்.

“பழுதாப் போச்சு, சேர்” என்றார் தம்பி. அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. “இது வைரஸ் வேலையாயும் இருக்கும். ஒண்டும் செய்யேலாது.” கையைக் கொண்டுபோனார், மூடிவிட.

“பொறும் தம்பி. மூடாதையும்.”

நான் திரையருகே போனேன். ஜே, கே, பீ, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி. கண்ணுக்கு அது ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் என் விரல்கள் மேசையின்மேல் தாமாக அசைந்தன. ஜே என்பது த. கே என்பது ம, பீயோடு சேர்ந்தால் மி. ஓ என்பது ழ. அரைப்புள்ளி அதன்மேல் ஏறும் குற்று. தமிழ் என்றுதான் எழுதியிருந்தது. அடுத்த வரியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று கண்டேன். அம்மா. அந்தத் தம்பிக்கு முன்னால் ஒரு கிழவன் பொருளற்ற ஆங்கில எழுத்துகளைப் பார்த்துக் கண்கலங்கி நின்றதற்கு அவர் என்ன நினைத்திருப்பாரோ தெரியாது.

நேயர்களில் மூத்தவர்களுக்கு விடயம் விளங்கியிருக்கும். அது பாமினி. நம் நாட்டில் ரெங்கநாதன் விசைப்பலகை என்று வழங்கும் தட்டெழுத்து ஒழுங்கில் விரல் பழகியவர்கள் கைக்கு வசதியாகக் கொண்ட எழுத்துரு. இன்றும் பல அச்சகங்களில் அது உயிரோடுதான் இருக்கிறது. தம்பியோ கைபேசியில் தமிழ் எழுதிப் பழகியவர்; அப்படியொன்று உண்டென்பதை அவர் அறிந்திருக்கவில்லை. அதில் அவர் குற்றம் ஏதுமில்லை.

இதன் சூட்சுமத்தைச் சற்று விளக்கவேண்டும். கணனிக்கு எழுத்துத் தெரியாது, எண் மட்டுமே தெரியும். ஆங்கிலத்தின் சிறிய எம் என்ற எழுத்துக்கு அது 109 என்ற எண்ணைச் சேமிக்கிறது. பாமினியை உருவாக்கியவர்கள் அந்த எண்ணை மாற்றவில்லை. 109 வந்தால் எம்மின் உருவத்துக்குப் பதிலாக அகரத்தின் உருவத்தை வரை என்று எழுத்துருவில் படம் மாற்றி வைத்தார்கள். ஆகவே நான் ஓராண்டாகத் தமிழ் தட்டிக்கொண்டிருந்தபோது கணனி தன்னுள்ளே ஆங்கில எழுத்துகளையே சேமித்துக்கொண்டிருந்தது. தமிழ் என்பது அதன் முகத்தில் இருந்த பூச்சு. வேர்ட் கோப்பு ஒழுங்காகத் திறந்திருந்தால் இன்ன எழுத்துரு என்ற குறிப்பாவது அதனுள் இருந்திருக்கும். வெறும் எழுத்துகளை உருவியபோது அந்தக் குறிப்பும் போய்விட்டது. எஞ்சியிருந்த சாட்சி என் விரல்கள் மட்டுமே.

யூனிக்கோட் முறையில் அகரத்தின் எண் 2949. அந்த எண் உலகின் வேறெந்த மொழியின் எழுத்துக்கும் உரியதன்று. யூனிக்கோட்டின் முதற் பதிப்பு 1991இல் வந்தபோதே தமிழ் அதில் இடம்பெற்றுவிட்டது. ஆனால் விண்டோஸ் தமிழை அந்த முறையில் காட்டத் தொடங்கியது விண்டோஸ் 2000இல்தான். என் விண்டோஸ் 98 அதை அறியாது. இடைப்பட்ட காலத்தில் சென்னையில் ஒரு முறை, சிங்கப்பூரில் ஒரு முறை, புலம்பெயர்ந்தோரிடையே இன்னொரு முறை என்று எழுத்துருக்கள் பெருகின. 1999இல் சென்னையில் மாநாடு கூட்டி இரண்டு தரங்களை அறிவித்தார்கள். நம் நாட்டில் 2008இல் எஸ்.எல்.எஸ். 1326 என்ற தரம் வந்தது. அதற்குள் அச்சகத்துக்கு ஓர் எழுத்துரு என்று ஆகிவிட்டிருந்தது. தொண்ணூறுகளில் வெளிவந்த நம் கவிதைத் தொகுதிகள், சிறுசஞ்சிகைகள் எத்தனை பேஜ்மேக்கர் கோப்புகளாக எந்தெந்த அலுமாரிகளில் கிடக்கின்றனவோ! எழுத்தாளரைக் கேட்டால் “அச்சகத்தில் இருக்கும்” என்கிறார். அச்சகத்தைக் கேட்டால் கணனி மாற்றியாயிற்று என்கிறார்கள். இன்றைய மென்பொருள்கள் பலவும் பேஜ்மேக்கர் கோப்பை ஏற்பதில்லை. இந்த அசட்டை எனக்கு எரிச்சலூட்டுவது. நானும் அதே அசட்டைக்காரன் என்பதால் எரிச்சல் இரட்டிப்பாகிறது.

அன்றிரவு வீடு திரும்பும்போது எனக்கு நினைவுக்கு வந்தவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. 1832இல் பிறந்தவர். அவர் பிறந்த சிறுப்பிட்டி எங்கள் ஊரிலிருந்து சைக்கிளிற் போகும் தூரம். 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, ஏட்டுச்சுவடிகளைக் கையாண்ட துன்பத்தை அவர் பதிப்புரையில் விவரித்திருக்கிறார். தொட்ட இடம் உதிரும், கட்டை அவிழ்த்தால் முறியும் என்ற நிலை. பள்ளியில் அதைப் படிப்பித்தபோது ஓலையின் நொய்மையைப் பற்றிய பகுதியாகவே நான் அதைக் கருதிவந்தேன். ஆனால் ஓலை முழுதாகக் கிடைத்த இடத்திலும் அவருக்கு வேலை முடியவில்லை. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. குத்தினால் ஓலை கிழியும் என்பர். எகரமும் ஏகாரமும் ஒரே வடிவம், ஒகரமும் ஓகாரமும் அப்படியே. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். எழுத்து அத்தனையும் கண்முன்னே இருக்க, அது என்ன சொல் என்பதை மொழி தெரிந்த ஒருவர் வந்து சொல்லவேண்டியிருந்தது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் புதிய கணனியில் பாமினி எழுத்துருவை நிறுவியதும் பக்கங்கள் தமிழில் தெரிந்தன. எழுத்துருவும் அந்தப் பழைய தட்டிலேயே ஒரு மூலையில் பத்திரமாக இருந்தது. ஆனால் அப்படியே விட்டால் இன்னொருவரின் கைபேசியில் அது மறுபடியும் ஆங்கிலக் குழப்பமாகவே தெரியும். எனவே யூனிக்கோட்டுக்கு மாற்றினேன். மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு நொடியில் வேலை முடிந்துவிடும். அதன்பின் பிழைதிருத்த எனக்கு நான்கு மாதம் பிடித்தது.

பாமினியில் ரகர மெய்யை இரண்டு விதமாகத் தட்டலாம். அதற்கெனத் தனி விசை ஒன்று உண்டு. காலைத் தட்டி அதன்மேல் குற்றைத் தட்டினாலும் கண்ணுக்கு அதே ர் தான். நான் களைத்திருந்த நாள்களில் ஒரு விதமாகவும் களைக்காத நாள்களில் இன்னொரு விதமாகவும் தட்டியிருக்கிறேன். ஆகவே ‘அவர்கள்’ என்ற ஒரே சொல் என் கோப்பில் இரண்டு வேறு சொற்களாகச் சேமிக்கப்பட்டிருந்தது. ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. தாமோதரம்பிள்ளை ஏட்டிலே கண்ட அதே காலும் ரகரமும் இத்தனை ஆண்டு கழித்து என் கணனிக்குள் வந்து உட்கார்ந்திருந்தன! ஔகாரத்தின் பின்பாதியும் ளகரமும் ஒன்றாகவே தட்டப்பட்டிருந்தன. நான் இடையில் ஆங்கிலத்தில் குறித்து வைத்த தாவரப் பெயர்களை மாற்றுக்கருவி தமிழென்று எண்ணி உச்சரிக்கவும் முடியாத எழுத்துக்கூட்டங்களாக்கித் தந்தது. அவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். பெரியம்மாவின் குரலைக் காதில் வைத்துக்கொண்டு திருத்தினேன் என்று சொன்னால் மிகைப்படுத்துவதாக நினைக்கவேண்டாம். “நான் அப்பிடியே சொன்னனான்?” என்ற கேள்வி ஒவ்வொரு பக்கத்திலும் வந்தது.

ஓட்டையைப் பற்றிச் சொல்லவில்லை. வன்தட்டில் வாசிக்க முடியாமற்போன துணுக்குகள் பலவற்றில் எட்டு இந்தக் கோப்புக்குள் விழுந்திருந்தன. அடுத்தடுத்து எட்டு. ஒரு துணுக்கில் 512 எழுத்திடம், எட்டுக்கு 4096. ஏறத்தாழ இரண்டு பக்கம். இருநூற்றாறு பக்கத்தில் இரண்டு பக்கம்தானே என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். எந்த இரண்டு பக்கம் என்பதல்லவா கேள்வி. பெட்டிகளைப் பற்றிய அத்தியாயத்தின் நடுப்பகுதி அது. பெரியம்மா மிக விரும்பிச் சொன்ன அத்தியாயம். வரிசை இப்படிப் போகிறது: கடகம், சுளகு, குட்டான், கொட்டைப்பெட்டி, நீத்துப்பெட்டி. நீத்துப்பெட்டியில் பிட்டு அவிக்கும்போது ஆவி எப்படி வரவேண்டும் என்று ஒரு வசனம் தொடங்குகிறது. அதன் பாதியில் வெறுமை. வெறுமை முடியும் இடத்தில் வேறொரு பெட்டியைப் பற்றிய வசனத்தின் வால் மட்டும் இருக்கிறது: “...அதுக்குள்ளைதான் மாமி திறப்பை வைப்பா. மூடியைத் திருகினால் கிரீச் எண்டு சத்தம் கேக்கும். அதாலை ஒருத்தரும் தொடமாட்டினம்.”

என்ன பெட்டி அது? நான்தான் தட்டினேன். என் இந்த இரண்டு கைகளாலும் அதன் பெயரைத் தட்டியிருக்கிறேன். நினைவில் இல்லை.

ஊரில் கேட்டேன். கொட்டைப்பெட்டி என்றார் ஒருவர். அது மேலேயே வந்துவிட்டது, அதற்குத் திருகும் மூடியும் இல்லை. வெற்றிலைப்பெட்டி என்றார் இன்னொருவர். அதன் மூடி கவிழ்ப்பது, திருகுவதன்று. மூடற்பெட்டி என்றார்கள், அதுவும் அப்படியே. ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். 2006 தொடக்கத்தில் சில பக்கங்களை அவளுக்கு மின்னஞ்சலில் அனுப்பியது நினைவுக்கு வந்தது. அவள் அந்தக் காலத்திலேயே அவற்றை அச்செடுத்து ஒரு கோவையில் வைத்திருக்கிறாள். வடலிச்சண்டை இருந்தது, பனாட்டு இருந்தது, நான் தொலைத்திருந்த ஒரு தாலாட்டுக்கூட இருந்தது. பெட்டி அத்தியாயம் இல்லை. ஆனால் மாமியின் திறப்பை அவளுக்கு நினைவிருக்கிறது. சத்தமும் நினைவிருக்கிறது. கையைத் திருகிக் காட்டினாளாம். தொலைபேசியில் நான் அதை எப்படிப் பார்ப்பது?

இப்போது அந்த நூல் மூன்று இடங்களில் இருக்கிறது. என் கணனியில் ஒன்று, ரொறன்ரோவில் ஒன்று, தடித்த கடதாசியில் அச்செடுத்துக் கட்டிய ஒன்று. கடதாசிப் பிரதியில் அந்த இரண்டு பக்கங்களையும் வெள்ளையாகவே விட்டிருக்கிறேன். பக்க எண் மட்டும் இட்டிருக்கிறேன்.

வடமராட்சியில் எண்பத்தேழு வயதில் ஓர் அம்மா இருக்கிறாராம். இன்னும் பெட்டி இழைக்கிறாராம். திருகுமூடி போட்டு இழைக்கத் தெரிந்தவர் என்று சந்தையில் ஒருவர் சொன்னார். வருகிற வெள்ளிக்கிழமை பேருந்தில் போவதாக இருக்கிறேன். அச்சுப்பிரதியையும் ஒரு பேனையையும் கொண்டுபோவேன்.